காளவாசல் சுவரில் என் மகன்

போன வாரம், ஊசிக்குப் பயந்து வரப்பில் ஓடிய சம்சாரிகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த வாரம் ஓடுவது நான்.

காளவாசல் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். மாசி மாதத்து வெயில். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டியிருந்தது. கையில் தடுப்பூசி மருந்து வைத்த பிளாஸ்க். அப்போது வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் நர்ஸ். அவ்வப்போது மதுரைக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டு, ஐஸ் கரைவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். இருந்தாலும் என் தம்பி ராசு காளவாசலில் சைக்கிள் கடை வைத்திருந்ததால், ஒரு எட்டு தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

கடையை ஒட்டி ஒரு நீளமான சுவர். எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். அன்றைக்குப் புதிதாக ஒன்று. மைதாப் பசை காயாமல் ஓரத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதன் புளித்த வாடைகூட மூக்கில் ஏறியது.

கறுப்புக் கட்டம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’.

நடுவில் என் மகன்.

அவனேதான். கல்லூரியில் சேர்ப்பதற்காக வாடிப்பட்டி ஸ்டுடியோவில் எடுத்த படம். சட்டைக் காலரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும். சரிசெய்ய நான் எழுந்து போவதற்குள் போட்டோக்காரர் எடுத்து முடித்துவிட்டார். அந்தக் காலர் சுவரிலும் தூக்கிக்கொண்டு நின்றது. கீழே பெரிய எழுத்தில் ‘த. இளங்கோ, வாடிப்பட்டி’.

வேறு யாராவதாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளக்கூட அந்தப் போஸ்டர் எனக்கு இடம் வைக்கவில்லை.

இன்றைக்கும் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் எதிர்ப்பக்கத்து ஜன்னலில்தான் உட்காருகிறேன். இத்தனைக்கும் அந்தச் சுவரை இடித்துவிட்டுக் கடைகள் கட்டிவிட்டார்கள்.

மதுரைச் சுவர்கள்

மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்குப் போஸ்டர் உண்டு. சடங்குக்கு உண்டு. வெளியூரில் வேலை பார்க்கிறவன் லீவில் வந்தால் ‘வருக வருக’ என்று உண்டு. செத்துப்போனால் கட்டாயம் உண்டு. காலையில் மூச்சு நின்றால் சாயங்காலத்துக்குள் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். சொந்தக்காரர்களுக்கு ஆள் போய்ச் சேர்வதற்குள் சுவர் சொல்லிவிடும். என் வீட்டுக்காரரின் சித்தப்பா இறந்ததையே நாங்கள் பஸ் ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். பாதி வழியில் இறங்கி மாலை வாங்கினோம்.

அதனால் மதுரையில் யாரும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப் பார்த்து ‘இது நிஜமா?’ என்று கேட்பதில்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள்.

நான் சாவைப் பார்க்காதவள் இல்லை. பிரசவத்தில் போன பெண்களை, பாம்பு கடித்து வந்தவர்களை, கிணற்றிலிருந்து தூக்கி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டாரிடம் சொல்ல எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் உட்காரச் சொல்வேன். தண்ணீர் கொடுப்பேன். குடித்து முடிக்கும் வரை பேசமாட்டேன். எங்கள் டாக்டரே, “நீங்க போய்ச் சொல்லிருங்க சிஸ்டர்” என்று என்னைத்தான் அனுப்புவார்.

சுவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

ராசு கடைக்குள் ஒரு வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து வெளியே தலைநீட்டவில்லையாம். நான் நின்ற நிலையைப் பார்த்துக் கையில் கிரீஸோடு ஓடிவந்தான்.

“என்னக்கா? மயக்கமா வருதா?”

நான் கையைக் காட்டினேன். அவன் திரும்பிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு என் தோளைப் பிடித்துக் கடைவாசல் முக்காலியில் உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டி, “குடிக்கா. மொதல்ல குடி” என்றான்.



ஞாயிற்றுக்கிழமை வந்துபோனவன்

இளங்கோ படித்தது பசுமலைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில். பெயர் வேண்டாம். அங்கேயே ஹாஸ்டலில் இருந்தான். எங்கள் குடும்பத்தில் வயக்காட்டை விட்டு வெளியே போய் டிகிரிக்குப் படித்த முதல் ஆள். அவனை ஹாஸ்டலில் விட்ட நாள் முதலே எனக்குத் தூக்கம் குறைந்துவிட்டது. ஹாஸ்டலில் சண்டை போட்டுத் தலையில் வெட்டுப்பட்டு வந்த ஒரு பையனுக்கு நானே கட்டுப்போட்டிருக்கிறேன். எதற்கடா சண்டை என்று கேட்டால், பந்துக்கு என்றான்.

அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை இளங்கோ வீட்டுக்கு வந்திருந்தான். சோறு பிசையும்போது உள்ளங்கையைப் பார்த்தேன். இரண்டு கையிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“என்னடா இது?”

“கயிறும்மா. வடம் இழுக்கப் பிராக்டீஸ். கல்லூரி வாரம் வருதுல்ல.”

கல்லூரி வாரம் என்றால் அவர்களுக்குத் திருவிழா மாதிரி. வருஷத்தில் ஒரு வாரம் பாடமே கிடையாது. திங்கட்கிழமை எல்லோரும் வேட்டி கட்டி வர வேண்டும். செவ்வாய்க்கிழமை பையன்கள் கோலம் போட வேண்டும். புதன்கிழமை சேலை கட்டி நாடகம். வியாழக்கிழமை மாணவர்களே சமைத்து வாத்தியார்களுக்குப் பரிமாற வேண்டும். வெள்ளிக்கிழமை துறைக்குத் துறை வடம் இழுப்பு. கடைசிப் போட்டிக்கு ஜுவாலஜியும் எக்கனாமிக்ஸும் வந்திருந்தன. இவன் ஜுவாலஜிக்குக் கேப்டன்.

“வெள்ளிக்கிழமை என்னைய விடமாட்டாய்ங்கம்மா” என்று சிரித்தான். “எக்கனாமிக்ஸ் பயலுக அம்புட்டுப் பேருக்கும் எம்மேலதான் கண்ணு.”

“எதுக்குடா ஒம்மேல?”

“நான் கயித்த விட்டாத்தான அவய்ங்க ஜெயிக்க முடியும்?”

நான் பீரோவுக்குள் தலையை விட்டிருந்தேன். அவன் அப்பாவின் பச்சைக்கரை வேட்டி ஒன்று, என் பழைய நைலக்ஸ் சேலை ஒன்று. இரண்டையும் மடித்துக் கொடுத்து, “சேலையைக் கிழிச்சுட்டு வந்தீன்னா பாரு” என்றேன். அவன் போகும்போது நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான் என்று காளவாசல் முக்காலியில் உட்கார்ந்து நினைத்தேன்.

நாலு மணி

ராசு மறுபடியும் போஸ்டரண்டை போனான். பக்கத்தில் முகத்தை வைத்து வாசித்தான். அடிப்பாதியை அதற்குள்ளேயே யாரோ மூலம், பவுத்திரம் வைத்தியத்துக்கான நோட்டீஸை ஒட்டி மறைத்திருந்தார்கள். மறையாமல் இருந்தது ஒரு வரிதான்.

“அக்கா, இன்னைக்கு என்ன கிழமை?”

“வெள்ளி.”

“மறைவு: வெள்ளிக்கிழமை மாலை நாலு மணின்னு போட்டிருக்கு.” சூரியனை அண்ணாந்து பார்த்தான். கடைக்குள் எட்டிக் கடிகாரத்தைப் பார்த்தான். “இன்னும் மூணுகூட ஆகலையே.”

எத்தனையோ பேருக்கு இறந்த நேரம் குறித்துக் கொடுத்தவள் நான். அந்த வரி என் கண்ணிலேயே படவில்லை.

“போன வெள்ளியா இருக்குமோ?” என்றான்.

“ஞாயித்துக்கிழமை எங்கூட சோறு தின்னான்டா!”

“அப்பச் சரி. ஒண்ணும் ஆகலக்கா. மாப்ள உசுரோடதான் இருக்கான்.”

இதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒன்றையே நினைத்தோம். அவன்தான் அதை வாய்விட்டுச் சொன்னான்.

“நடக்கிறதுக்கு முன்னாடியே நேரம் போட்டிருக்கான்னா, போட்டது யாருக்கா? செய்யப் போறவன்தான போடுவான்?”

வெள்ளிக்கிழமை என்னைய விடமாட்டாய்ங்கம்மா. அம்புட்டுப் பேருக்கும் எம்மேலதான் கண்ணு.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். முன்னால் போஸ்டர் அடித்துவிட்டா ஒருவனைக் கொல்வார்கள் என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரும் பிற்பாடு அப்படித்தான் கேட்டார். அவர் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்கவில்லை.

பழங்காநத்தம் வழியாக

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. அந்த நேரம் பார்த்து ஆட்டோவும் இல்லை. ராசு தன் சைக்கிளை எடுத்தான். நான் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டேன். அதை ஏன் கடையில் வைத்துவிட்டு வரவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வழியெல்லாம் அவன் முகம். டீக்கடைப் பக்கச் சுவரில் ஒன்று. டிரான்ஸ்பார்மர் பெட்டியில் ஒன்று. நிறுத்தி முழுசாக வாசித்திருக்கலாம். ஆனால் ராசு குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பழங்காநத்தத்துக்கு முன்னால் செயின் கழன்றது.

“ஊரு சைக்கிளுக்கெல்லாம் செயின் மாட்டுற. ஒஞ் சைக்கிளப் பாக்க மாட்டியாடா?” என்று கத்தினேன்.

“ஒன்னைய மாதிரி ஆளு ஏறி உக்காந்தா ரயிலுக்கே கழண்டுரும். சும்மா இருக்கா.”

அவன் அழுதுகொண்டேதான் அதைச் சொன்னான்.

மாட்டிக்கொண்டிருக்கும்போது முக்கில் ஒரு ஏட்டையா நிற்பதைப் பார்த்து நான் ஓடினேன். எம் மகனைக் கொல்லப் போறாங்க என்றேன்.

“எப்ப?”

“நாலு மணிக்குங்கய்யா.”

“யாரு சொன்னா?”

“போஸ்டர் ஒட்டியிருக்காங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வெள்ளைச் சேலையையும் பிளாஸ்க்கையும் பார்த்தார். “நாலு மணி ஆகட்டும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா வந்து சொல்லுங்க” என்றார்.

அதற்குப் பிறகு பசுமலை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவு சின்ன மலை, எவ்வளவு மிதித்தாலும் பக்கத்தில் வரமாட்டேன் என்றது.

பாடை

கல்லூரிக் கேட்டுக்கு முன்னால் திரும்பும்போதே தப்புச் சத்தம் கேட்டது. கல்யாணத்துக்கு அடிக்கிற அடி அல்ல. சாவுக்கு அடிக்கிற அடி. அதைத் தெரிந்துகொள்ள நர்ஸாக இருக்க வேண்டியதில்லை.

ராசு பிரேக் பிடித்தான். மணி நாலாகவில்லை. அதற்குள்ளேயா?

உள்ளேயிருந்து ஊர்வலம் வந்தது. முன்னால் தப்பு. அதற்குப் பின்னால் மார்பில் அடித்துக்கொண்டு பையன்கள். அவர்களில் நாலு பேர் தோளில் ஒரு பாடை, பச்சை ஓலை வேய்ந்தது. செவ்வந்தி மாலை போட்டிருந்தது. முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். மேலே மஞ்சள் பனியன். இடுப்பில் வேட்டி.

பச்சைக்கரை வேட்டி. கரையை ஒட்டி ஒரு கிழிசலை வெள்ளை நூல் இல்லாமல் நீல நூலில் தைத்திருந்தேன். அந்த நீலம் தெரிந்தது.

நான் எப்படி நடுவில் போனேன் என்று தெரியாது. பாடையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். தூக்கி வந்தவர்கள் தடுமாறி இறக்கினார்கள். மாலையைப் பிடுங்கினேன். நெஞ்சில் கையை வைத்தேன். பழக்கம். எத்தனை நெஞ்சில் அப்படிக் கையை வைத்திருக்கிறேன்.

கை உள்ளே போனது.

வைக்கோல்.

துண்டை உருவினேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பானை. அதில் கரியால் மீசை வரைந்திருந்தது.

தப்பு நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பையன் முன்னால் வந்தான். பெயர் செல்வம் என்று பிறகு தெரிந்தது. எக்கனாமிக்ஸுக்கு அவன்தான் கேப்டன். வாயில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது.

“யாரும்மா நீங்க? என்ன வேணும்?”

“இளங்கோ அம்மா.”

அந்தச் சிரிப்பு போன விதத்தை நான் மறக்கமாட்டேன். அதற்கப்புறம் அவன் முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

“அம்மா... இது சும்மா... வருசா வருசம் பண்றதும்மா. கடைசி மேட்ச்சுக்கு வர்ற எதிர் டீம் கேப்டனுக்குப் போஸ்டர் அடிச்சுப் பாடை தூக்குறது. போன வருசம் எனக்குத் தூக்குனாய்ங்க. படத்த அவன் ரூம்லருந்து, வேட்டிய ஹாஸ்டல் கொடியிலருந்து எடுத்தோம், குடுத்துருவோம்மா. நாலு மணிக்கு மேட்ச்சு. அதான் அப்படிப் போட்டோம். கீழ வடம் இழுப்புன்னும் போட்டிருந்தோமேம்மா...”

“காலேஜுக்குள்ள ஒட்டித் தொலைய வேண்டியதுதானடா?” ராசு அவன் சட்டையைப் பிடித்துவிட்டான். “காளவாசல் வரைக்கும் எதுக்குடா வந்தீங்க?”

“உள்ள ஒட்டினதுக்கப்புறம்... பசை மிச்சம் இருந்துச்சுண்ணே.”

“பல்லத் தட்டிக் கையில குடுத்துருவேன். பசை மிச்சமாம்ல, பசை!”

எனக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. பெற்றவர்கள் யாரும் அந்த வழியாக வரமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அல்லது நினைக்கவே இல்லை. அந்த வயதில் எதிரே தெரியும் சுவர் வெறும் சுவர்தான்.

“அவன் எங்க?” என்றேன்.

“கிரவுண்டுலதாம்மா. நல்லா இருக்கான். வாங்கம்மா, வாங்க.”

நல்லா இருக்கான் என்பதை நான் நம்பவில்லை. நானும் எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

கயிறு

மைதானத்தில் கூட்டம் வளையமாக நின்றது. எக்கனாமிக்ஸ் பையன்கள் கூட்டத்தை விலக்கிவிட்டு, அவர்கள் அணி நிற்கும் முனை வழியாக என்னைக் கூட்டிப் போனார்கள். செல்வம் தன் இடத்துக்கு ஓடவில்லை. அவனுக்குப் பதிலாக வேறு ஒருவன் கயிற்றைப் பிடித்திருந்தான். விசில் அடித்தாகிவிட்டது. இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்முனையில், கடைசி ஆளாக, கயிற்றைத் தோளில் போட்டுக் குதிகாலை மண்ணில் புதைத்து, முதுகு தரையைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து கிடந்தான் இளங்கோ. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முகமெல்லாம் புழுதி, வியர்வை. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அது துடிப்பது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் அதை எண்ணினேன் என்று சொன்னால் நம்புவீர்களா? எண்ணினேன்.

  கூப்பிட வேண்டாம், இழுத்து முடிக்கட்டும் என்று தோன்றியது. பார்த்துக்கொண்டு நின்றால் போதும் என்று இருந்தது.

ஜுவாலஜி ஜெயித்துக்கொண்டிருந்தது. கயிற்றின் நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி அவர்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவர்களின் மஞ்சள் பனியன் கூட்டம் “ஏலே, இழு! ஏலே, இழு!” என்று கத்தியது.

அப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவன் என்னத்தைப் பார்த்திருப்பான் என்று அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை. பிற்பாடு ராத்திரியெல்லாம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். கொண்டை அவிழ்ந்து நிற்கும் அம்மா. பக்கத்தில் கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மாமன். எங்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பத்துப் பதினைந்து பையன்கள். தப்பைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும் இரண்டு ஆட்கள். பாடையிலிருந்து பிடுங்கிய சாவு மாலை என் கையிலேயே இருந்தது.

கயிறு அவன் தோளிலிருந்து நழுவியது.

மஞ்சள் பனியன்கள் சீட்டுக்கட்டு மாதிரி முன்னால் சரிந்தார்கள். எதிர்ப்பக்கத்துப் பையன்கள் மல்லாக்க விழுந்தார்கள். சிவப்புத் துணி சரசரவென்று இந்தப் பக்கம் வந்தது. விசில் ஊதினார்கள். எக்கனாமிக்ஸ் ஜெயித்துவிட்டது. ஒருவன் “ஓ” என்று ஆரம்பித்தான். செல்வம் திரும்பிப் பார்த்தான். அதோடு நின்றுவிட்டது.

இளங்கோ விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி ஓடிவந்தான். என்னைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டான். மாலையைப் பார்த்தான். ராசுவைப் பார்த்தான். இவ்வளவு நேரம் சிவந்திருந்த முகத்தில் ரத்தமே இல்லை.

“அப்பாவாம்மா?” என்றான்.

நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

“அப்புறம் யாரும்மா? சொல்லும்மா, யாரு?”

அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். தோல் உரிந்த கையில் கயிற்றுநார் ஒட்டியிருந்தது. நாடி குதித்துக்கொண்டிருந்தது.

“நீதாண்டா” என்றேன்.